மட்டக்கம்பு வைத்துப் பார்த்த பலகை

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நான் சர்ஃப் பலகை செய்யத் தொடங்கியபோது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "இது எதுக்கு?" என்றுதான் கேட்டார்கள். அலைமேல் நின்றுகொண்டு போவதற்கு என்று சொன்னால் சிரித்தார்கள். கடல் எங்கே, நாங்கள் எங்கே. பசறைக்கு இறங்கி, மொனராகலை தாண்டி, சியம்பலாண்டுவ தாண்டிப் பொத்துவில் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துப் பாதைக்கு பஸ்ஸே வராது. இந்த மலையில் உட்கார்ந்துகொண்டு கடலில் ஓடுகிற சாமான் செய்கிறவளுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழட்டும் என்றுதான் பேசினார்கள். எங்கள் லயத்தில் ஒரு காம்பராவில் யாராவது தும்மினால் பக்கத்துக் காம்பராவில் "நூறாயுசு" என்பார்கள், அவ்வளவு மெல்லிய சுவர்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் நான் கடலுக்குப் போனேன். பல வருஷம் கொழுந்து எடுத்தவள், ஒரு நாள் மலையில் கங்காணியோடு பெரிதாகச் சண்டை போட்டுவிட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி பொத்துவிலை ஒட்டிய அறுகம்பையில் ஒரு விடுதியில் சமையலுக்கு நின்றாள். அவள் சொல்லி, அதே விடுதியில் துணி துவைக்கிற வேலைக்குப் போனேன். அங்கே சித்திரை முடிந்தால் சீசன், ஐப்பசி வந்தால் சீசன் முடிந்துவிடும். பிள்ளை குட்டி என்று பின்னால் இழுக்க இன்னும் யாரும் இல்லாததால், அந்த மாதங்களை அங்கேயும் மழை மாதங்களை வீட்டிலும் கழித்தேன். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிறவர். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "தண்ணி பக்கம் போகாத" என்று மட்டும் சொன்னார்.

போனேன். விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், நான் விரிப்புகளைக் கொடியில் போட்டுவிட்டுக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, ஒரு மாலை தன் பலகையை நீட்டி ஏறு என்று சைகை காட்டினாள். ஏறினேன், விழுந்தேன். மறுநாளும் ஏறினேன். முதல் சீசன் முழுக்க உப்புத் தண்ணீர் குடித்தேன். நீச்சலும் கரையோரத்து இடுப்பளவுத் தண்ணீரில் கற்றுக்கொண்டதுதான். இரண்டாவது சீசனில் நின்றேன். அலை நம்மைத் தூக்கிக்கொண்டு தானாக ஓடும்போது மேலே நின்றுகொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று என்னால் எழுத முடியாது. அன்றைக்கு இராத்திரிச் சோறுகூட வேண்டியிருக்கவில்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விடுதிக்காரி பொத்துவிலைச் சேர்ந்த முஸ்லிம் அம்மா. நாங்கள் எல்லோரும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். கண்டிப்பானவர், கதிரையில் உட்கார்ந்தபடியே வளவு முழுக்க நடப்பதைப் பார்த்துவிடுவார். நான் அலையில் நிற்பதையும் பார்த்திருக்கிறார். சீசன் முடிந்து நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று கூப்பிட்டார்.

"இஞ்ச வா புள்ள. இப்ப குடும்பமா வார பொம்புளையள் கனக்க. அவையளுக்கு ஆம்புளப் பொடியனுகள்ட்ட அலையில நிக்கப் பழக வெக்கம். ஒனக்கிட்ட சொந்தமா ஒரு பலகை இருந்தா, வார சீசன்ல துவைக்கிற வேலைய உட்டுப்போட்டு நீ பழக்கு. ஆனா மொதல்ல எனக்கு முன்னுக்கு ஒராள நிக்க வெச்சுக் காட்டணும்."

நான் அந்த நிமிஷமே தலையாட்டிவிட்டேன். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறி என் விரல் நுனிகள் வெடித்துக் கிடந்தன. கொழுந்துக் கறையிலிருந்து தப்பி வந்து சவர்க்காரத்தில் மாட்டிக்கொண்டேனே என்று எனக்குள்ளே ஒரு புகைச்சல் இருந்துகொண்டே இருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். அதை மாதிரி வேறு எதையும் நான் அந்த வயது வரை ஆசைப்பட்டதில்லை. போகிற வழியில் கடையொன்றில் ஏறிப் புதுப் பலகை என்ன விலை என்று கேட்டேன். கேட்டுவிட்டு இறங்கி பஸ் ஏறினேன். பசறை வருவதற்குள் நானே செய்வது என்று முடிவாகிவிட்டது.

செய்வது எப்படி என்று போனில் பார்த்தேன். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மாரியம்மன் கோயிலுக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நின்றால் கிடைக்கும், அதுவும் பனி மூடினால் போய்விடும். அந்தப் பாறையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எங்கேயோ ஒரு தேசத்து மனிதன் தன் வீட்டுக் கராஜில் பலகை இழைப்பதைப் பார்ப்பேன். அவன் பேசுவது புரியாது, கை செய்வது புரியும். நுரைப்பஞ்சில் செய்கிறவர்கள் உண்டு, பைபர் துணி ஒட்டுகிறவர்கள் உண்டு. இவன் மரத்தில் செய்தான். மரம் என்றால் எங்களுக்கும் வழி இருக்கிறது.

தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற அல்பீசியா மரம் எவ்வளவு லேசானது என்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். காற்றடித்தால் முதலில் விழுவது அதுதான். அந்த மழையில் பாதையோரம் இரண்டு மரம் விழுந்து கிடந்தன. வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீசில் கேட்டு, ஒரு துண்டை லொறியில் போட்டு, பசறையில் மர ஆலையில் கொடுத்து, தடித்த பலகைகளாக அறுத்துக்கொண்டு வந்தார். வந்து வாசலில் போட்டுவிட்டு, "இத வச்சு ஒரு கட்டில் செஞ்சிருக்கலாம்" என்றார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் யாரிடமோ சீவுளி ஒன்று இரவல் வாங்கி வந்து வைத்திருந்தார். அவர் அப்படித்தான்.

வேலை இதுதான். பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன்பு, ஒவ்வொன்றிலும் ஒட்டுகிற முகத்தின் நடுவே உளியால் குடைந்து பள்ளமாக்க வேண்டும், இல்லாவிட்டால் கனம் தாங்காது. ஒட்டியபின் உள்ளே, ஒன்றுக்கொன்று சின்னத் துளை விட்ட பெட்டி பெட்டியாகக் காற்று நிற்கும், வெளியே பார்த்தால் ஒரே மரம். நான் குடைந்ததில் ஒரு பக்கம் ஓட்டையாகிப் போய், அதற்கு ஒட்டுப் போட்டேன். ஒட்டுப் போட்ட இடத்தைத் தெரியாமல் செய்ய முயன்று அதைப் பெரிதாக்கினேன். இறுக்கிப் பிடிக்கிற கருவி எங்களிடம் இல்லை. கொழுந்துச் சாக்குக் கட்டுகிற கயிற்றைச் சுற்றிக் கட்டி, கயிற்றுக்குள் குச்சியைச் செருகித் திருகினோம். வீட்டுக்காரர் திருகத் திருகப் பலகைகள் நெருங்கி, பசை பிதுங்கி என் சட்டையில் ஒட்டியது. அந்தச் சட்டை இன்னும் அந்தப் பசையோடுதான் இருக்கிறது.

பனிக் குளிரில் பசை காயவே மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் பலகையை அடுப்பு இருக்கிற காம்பராவுக்குள் கொண்டு வந்து உட்காருகிற வாங்குகள் இரண்டுக்கு மேல் வைத்தோம். பிறகு காம்பராவில் நடக்க இடமில்லை. சமையல் முழுவதும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்தது. மாமி, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, முதல் நாள் திட்டினார். இரண்டாம் நாள் அதன்மேல் பழைய பேப்பரைப் போட்டு ரொட்டி தட்ட ஆரம்பித்தார்.

"கடலுக்குப் போவுதோ இல்லியோ, ரொட்டி தட்ட நல்ல ஒசரம்" என்றார்.

"மாவு ஒட்டினா அலையில வழுக்கும் மாமி."

"வழுக்கி விழுந்தா வீட்டுக்கு வந்துருவ. அதுவும் நல்லதுதான்."

பசை காய்ந்து கயிற்றை அவிழ்த்தபோது பலகை ஆளுயரத்துக்கும் மேலாக நீண்டு, மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. இனிச் சீவ வேண்டும். என் கதையில் சறுக்கல் நடந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மாமி இன்னும் கொழுந்து எடுக்கிறவர். கொழுந்து எடுக்கிற எல்லோரிடமும் மட்டக்கம்பு என்று ஒரு நீளக் குச்சி இருக்கும். அதைத் தேயிலைச் செடியின் மேல் கிடையாக வைத்து, குச்சிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பதை மட்டும் கிள்ளுவோம். அதனால்தான் மலை முழுக்கச் செடிகள் மேசை மாதிரி ஒரே சமமாக இருக்கின்றன. ஒரு செடி தூக்கிக்கொண்டு நின்றால் கங்காணி மலைக்கு அந்தப் பக்கமிருந்து "மட்டம் பாரு! மட்டம் பாரு!" என்று கத்துவார். காலையிலிருந்து பொழுது சாயும் வரை கத்துவார். வருஷக்கணக்கில் அதைக் கேட்டால் கண் அப்படியே பழகிப்போகும். சுவரில் சாமி படம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

நான் சீவச் சீவ மாமி தன் மட்டக்கம்பைக் கொண்டு வந்து பலகையின் மேல் வைத்துப் பார்த்தார். "இந்தா, இங்க ஒரு மேடு" என்றார். சீவினேன். "இப்ப அங்க." சீவினேன். பக்கத்துக் காம்பராப் பெண்கள் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டு முடிந்து மலைக்குப் போகிற வழியில் ஒரு பார்வை, வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு பார்வை. ஆளுக்கு ஒரு குச்சி. குனிந்து, ஒரு கண்ணை மூடி, குச்சிக்கும் மரத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பைத்தியம் என்று சொன்ன வாய்களே இப்போது "வால் பக்கம் இன்னும் கொஞ்சம் எடு" என்றன. எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! லயம் முழுக்க என் பக்கம் வந்துவிட்டது போல இருந்தது. கடைசியில் ஒரு நாள் மாமி குச்சியைத் தலை முதல் வால் வரை நகர்த்திக்கொண்டே போனார், எங்குமே வெளிச்சம் தெரியவில்லை. "கண்ணாடி" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

பாறையில் உட்கார்ந்து பார்த்த அந்த மனிதன் ஒன்று செய்திருந்தான். பலகையின் தலைப்பக்கத்தை அடியில் அறுத்து, மேல்நோக்கி வளைந்த மாதிரி ஆக்கினான். நானும் என் பலகையின் பக்கவாட்டில் பென்சிலால் அந்த வளைவைக் கோடு போட்டு வைத்திருந்தேன். மட்டம் பார்த்து முடித்த மறுநாள் மரம் அறுக்கிற வாளை எடுத்தேன். கோட்டில் வைத்தேன். கை ஓடவில்லை.

"என்னா செய்யப் போற?" என்றார் மாமி.

"தலைய கொஞ்சம் தூக்கி விடணும்."

"ஏன்டி, இவ்வளவு பாடுபட்டு மட்டமாக்கிட்டு, எதுக்கு அத கெடுக்கிற?"

எனக்கும் அதே கேள்விதான். வளைத்த பலகையை மனசில் நினைத்துப் பார்த்தால் பல்லில் மண் கடிபட்ட மாதிரி இருந்தது. அந்த மனிதன் அழகுக்காக அப்படிச் செய்கிறான், நமக்கு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாளை வைத்துவிட்டேன். ஓரங்களை மட்டும் உருட்டிச் சீவினேன். பென்சில் கோட்டை அழித்தேன்.

பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில், மீனுக்கு இருக்கிற மாதிரி வாலுக்கு ஒரு துடுப்பு வெட்டி அடியில் ஒட்டினோம். வார்னிஷ் அடித்தோம். காற்று போய்வர மேலே சின்ன ஓட்டை போட்டு அதற்கு ஒரு திருகாணி வைத்தேன். அந்த மனிதன் செய்தான், அதனால் நானும் செய்தேன், ஏன் என்று தெரியாது. மாமி சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டிக் கழித்தார். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு புறப்பட்டோம்.

பண்டாரவளையிலிருந்து பொத்துவிலுக்குக் காய்கறி ஏற்றிப்போகிற லொறிக்காரர் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர், பசறைச் சந்தியில் நிற்பேன் என்றிருந்தார். பெரிய பாதை வரை நாலு பேர் பலகையைத் தோளில் வைத்துக் குறுக்குப் பாதையில் இறக்கினோம். மேலே வெள்ளைத் துணி சுற்றியிருந்ததா, எதிரே வந்த ஒரு பெரியவர் ஒதுங்கி நின்று, துண்டை இறக்கி, "யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "யாரும் இல்லீங்க, பலகை" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பெரிய பாதையில் கொழுந்து லொறியில் ஏறிய பிறகும் வீட்டுக்காரர் பசறை வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

பலகை காய்கறி லொறியில் முட்டைக்கோவா மூட்டைகளுக்கு மேலே, அவர் பலகைக்குப் பக்கத்தில். நான் முன்னால் சாரதியோடு. மொனராகலைக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் தட தட என்று தகரத்தில் அடிக்கிற சத்தம். லொறி நின்றது.

"ஏ புள்ள! இது பேசுது!" என்றார் மேலேயிருந்து. முகம் வெளுத்திருந்தது.

காதை வைத்துக் கேட்டேன். டொக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். மரம் வெடிக்கப் போகிறது என்றே நினைத்தேன். அப்போதுதான் எங்கள் தோட்டத்துக் கடையில் தொங்குகிற கடலைப் பாக்கெட்டுகள் நினைவுக்கு வந்தன. மலையில் பொம்மென்று உப்பி நிற்கிற பாக்கெட்டை பொத்துவிலுக்குக் கொண்டுபோனால் சப்பிப்போய் இருக்கும். எங்கள் பலகைக்குள்ளும் மலைக்காற்றுதான் அடைபட்டிருந்தது. திருகாணியைத் திருகிக் கழற்றினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அந்த மனிதன் எதற்கு ஓட்டை போட்டான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அப்படியென்றால் தலையை வளைத்ததற்கும் ஏதாவது காரணம் இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அங்கேயே விரட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ராத்தா கதிரையைக் கரைக்கே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். பலகையைத் தடவிப் பார்த்து, "வடிவாத்தான் செய்திருக்காய்" என்றார். நான் திருகாணியை இறுக்கி, பலகையின் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு, பெருமையோடு, அலை உடைகிற இடத்துக்குப் போனேன். நல்ல அலை ஒன்று வந்தது. கை போட்டேன், பலகை வழுக்கிக்கொண்டு ஓடியது, எழுந்தேன். அடுத்த நொடி தலைப்பக்கம் தண்ணீருக்குள் குத்திக்கொண்டு போய், பலகை நட்டுக்குத்தாக நின்று, நான் அதற்கு மேலாகப் பறந்தேன்.

திரும்பப் போனேன், திரும்பவும் அதே. மூக்கில் உப்பு ஏறி, முழங்கை தேய்ந்து, இன்னும் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கண்ணாடி மாதிரி மட்டமான பலகை சரிகிற அலையின் மேலிருந்து நேராகக் கீழே குத்தியது. அலைக்கு முகம் சரிவு. சரிவில் இறங்குகிற சாமானுக்குத் தலை தூக்கி இருக்க வேண்டும். மலையில் பிறந்த எனக்கு இது தெரியாமல் போய்விட்டதே! கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மாமியைத் திட்டினேன், கங்காணியைத் திட்டினேன், மட்டக்கம்பு கண்டுபிடித்தவனைத் திட்டினேன். பிறகு அழுதேன். கடலுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

கரைக்கு வந்தபோது ராத்தா சொன்னார், "புள்ள, பலகை தலகுத்தாப் போகுதே. இதுல வார சனம் கழுத்த முறிச்சிக்கிட்டா யாரு பதில் சொல்ற?"

"பின்னேரம் வரைக்கும் பொறுங்க ராத்தா" என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் எழுந்து போய்விட்டார். வீட்டுக்காரர் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, களிசானை முழங்கால் வரை சுருட்டி, ஈரம் படாத இடத்தில் உட்கார்ந்திருந்தார். சோற்றுப் பார்சலை அவிழ்த்து என் பக்கம் தள்ளினார். "சாப்புடு. வீட்டுக்குப் போனா நல்ல மேசையாவது இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன்.

பின்னேரம் தண்ணீர் வற்றியது. குடாவின் உள்பக்கத்தில் அலைகள் தூரத்திலேயே உடைந்து, முழங்கால் உயரத்துக்கு வெறும் நுரையாக, அவசரமில்லாமல் கரைக்கு வந்துகொண்டிருந்தன. விளையாடத் தெரிந்தவர்கள் அந்த நுரையைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். பெரிய அலைக்கு இனித் தைரியம் இல்லாததால் நான் அதற்குள் பலகையை விட்டேன். நுரை வந்து மெதுவாகத் தட்டியது. பலகை புறப்பட்டது. வேறு பலகைகளாக இருந்தால் அந்தச் சின்ன நுரையில் இரண்டு முழம் போய் நின்றுவிடும். இது நிற்கவில்லை. மட்டமான அடி முழுக்கத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு, நேராக, ஆட்டம் இல்லாமல், கரை மணல் வரை போயிற்று. ஒரு சாண் பின்னால் தள்ளிப் படுத்தேன், இன்னும் நன்றாகப் போயிற்று. எழுந்து நின்றேன். வாசலில் நிற்பது போல நின்றுகொண்டு போனேன். இங்கே சரிவே இல்லை, குத்துவதற்கு. முதல் நாள் கடலுக்கு வருகிறவர்களை இந்த நுரைக்குத்தானே கூட்டிவர வேண்டும்!

ஓடிப்போய் ராத்தாவைக் கூட்டிவந்தேன். நான் நின்று காட்டியதை அவர் பார்த்தார், முகம் இளகவில்லை.

"நீ நிக்கிறது கிடக்கட்டும். ஒராள நிக்க வை எண்டுதானே நான் சொன்ன?"

சீசன் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. விடுதியில் ஆளே இல்லை. கரையில் இரண்டு நாய்களும் என் வீட்டுக்காரரும்தான். நான் அவரைப் பார்த்தேன். அவர் நாய்களைப் பார்த்தார்.

"ஏங்க" என்றேன்.

"வேணாம்" என்றார்.

"இடுப்பளவுத் தண்ணிதான்."

"எனக்கு இடுப்பு இங்கதான் இருக்கு. இங்கயே இருக்கட்டும்."

அவர் லயத்துப் பீலிக் குழாயில் கொட்டுகிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீருக்குக் கீழே நின்றதில்லை. என்னை இரண்டு சீசன் கடலுக்கு அனுப்பிவிட்டு, தினமும் பொழுது சாய்ந்ததும் மழையோ பனியோ அந்தப் பாறையில் ஏறி நின்று, "கரைக்கு வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்கிறவர். அந்த மனிதரிடம் இதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் வாய்க்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

"நில்லு" என்றார். சட்டையைக் கழற்றி, மடித்து, செருப்பின் மேல் வைத்தார். "எனக்கு ஒன்னு ஆச்சுன்னா அம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

தண்ணீருக்குள் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார், நகம் பதிந்தது. பலகையில் குப்புறப் படுக்க வைத்தேன். நுரை வந்தது, தள்ளினேன். எழுவதற்குள் பக்கவாட்டில் உருண்டு விழுந்து, எழுந்து, இருமி, என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அது எழுதுகிற சொல் அல்ல. இரண்டாம் தடவை முழங்காலில் வந்தார். வெள்ளைக்காரி எனக்குக் காட்டியதையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன், ஒன்றும் ஏறவில்லை. கையைப் பாருங்க, காலைப் பாருங்க என்று நான் கத்தக் கத்த அவர் மரமாகிப் போனார். நான் கத்துவது எனக்கே கங்காணி கத்துவது போலக் கேட்டது. நிறுத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன்.

"ஏங்க, கீழ பாக்காதீங்க. கொழுந்து மூட்டைக்கு மேல நின்னுக்கிட்டு வளைவுல வருவீங்கல்ல, அப்ப எங்க பாப்பீங்க?"

"பாதைய பாப்பேன்."

"காலு?"

"அது பாட்டுக்கு இருக்கும்."

"அப்படியே இருங்க. கரைதான் பாதை."

நுரை வந்தது. தள்ளினேன். அவர் முழங்காலுக்கு வந்தார், ஒரு கால் முன்னே வந்தது, பிறகு நின்றுவிட்டார். முழங்கால் மடித்து, கைகளை விரித்து, கரையைப் பார்த்தபடி நின்றார். பலகை அவரை ஏற்றிக்கொண்டு ஆடாமல் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. துடுப்பு மணலில் உரசி நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை, எப்படி இறங்குவது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கணுக்கால் தண்ணீரில், பலகைக்கு மேல், கைகளை விரித்தபடியே நின்று லயத்துக்கே கேட்கிற மாதிரிக் கூவினார்.

நான் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடினேன். ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"நாளைக்கிக் காலையில கண்டியில இருந்து ரெண்டு பொம்புளையள் வாராக. நீயே கூட்டிப்போ. துணி துவைக்க வேற ஆள் பாக்குறன்."

வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவருக்கும் கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். அவர் பலகையைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"ஏங்க, ராத்தா சொன்னது கேட்டுச்சா? நாளைக்கி ரெண்டு பேரு வர்றாங்களாம்!"

"அது நாளைக்கித்தானே" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "இன்னக்கி நான் இருக்கேன்ல. வா, வந்து தள்ளு."